அக்காவின் பான்சிப் பாத்தி

மே 6
மகளின் பிரசவத்துக்காக அக்கா கிளம்பிவிட்டாள். தோட்டம் என் பொறுப்பு. அத்தானை நம்பி ஒரு கற்றாழையைக்கூட விடமாட்டாள். "காட்டுப் பான்சிப் பூச்செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்து. வேற எதுவும் செய்யாதே" என்றாள். நான் என்ன சின்னக் குழந்தையா?

மே 15
நகத்தளவு பூ. ஊதா, மஞ்சள், வெள்ளை மூன்றும் அதற்குள்ளேயே. வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் இன்னும் நிறையப் பூக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இன்று எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டேன்.

ஜூன் 9
தினமும் கிள்ளுகிறேன். பாத்தி கொள்ளாத பூ! அக்கா அசந்துபோகப் போகிறாள்.

ஜூலை 20
அசந்துதான் போனாள். பையைக்கூட இறக்காமல் பாத்தியருகே குனிந்து, "ஒரு காய்கூட இல்லையே" என்றாள். வாடிய பூதான் காயாகுமாம். காய் வெடித்தால்தான் விதை விழுமாம். செடிக்கு ஆயுசே ஒரு வருடம்தானாம், இவை பூத்து முடித்துவிட்டனவாம். எனக்கு ஏன் இது தோணல? அம்மா கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் சுவரோரத்திலிருந்து அக்கா எடுத்துவந்த விதையின் வம்சம் அது.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தான், "நான்தான் கிள்ளினேன்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 21
ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அத்தானிடம் கேட்டேன். "என்கிட்டன்னா நாலு நாள் முறைப்பா. உன்கிட்டன்னா மறுபடி வருஷக்கணக்கா ஆயிடும்" என்றார். அம்மா போனபின், யார் எவ்வளவு பார்த்துக்கொண்டோம் என்று சண்டை போட்டு நாங்கள் பேசாமல் கிடந்ததை அவர் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 2
நாலு நாளாவது! அக்கா இன்னும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும் கலகலவென்று பேசுகிறாள்.

ஆகஸ்ட் 5
இன்றும் சொல்லவில்லை. கோழை நான்.

ஆகஸ்ட் 11
சொல்லிவிட்டேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "தெரியும். அந்த மனுஷனுக்குச் செருப்பு மாட்டவே குனிய முடியாது. கணுக்கால் உயரச் செடியில போய்ப் பூக் கிள்ளினாராமா?"

அப்புறம் ஏன் அவரை இத்தனை நாள் —

"அவர் படற பாட்டைப் பார்த்தாவது நீ வாயைத் திறப்பியான்னு பார்த்தேன். ரொம்ப நாள் எடுத்துக்கிட்ட."

திட்டியிருந்தால் தேவலை. புது விதை வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாமாம். போன வருடத்து விதை ஏதாவது மண்ணுக்குள் கிடந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றாள்.

செப்டம்பர் 28
அக்கா போனில், "வா" என்றாள். போனேன். பாத்தியில் ஒரே ஒரு முளை, இரண்டு இலை. பான்சியா களையா என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.