கொக்கி இல்லாத கேட்

ஒரகடம்,
வியாழக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை இசக்கி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் மகள் சொர்ணு நன்றாக இருக்கிறாள். மதியம் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் தூங்குகிறாள். இனி வருவதைப் படிக்கும்போது இந்த வரியை மறந்துவிடாதே.

போனில் சொல்ல எனக்கு வரவில்லை. உன் ஹாஸ்டலில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது. முகம் பார்த்துப் பேசவும் முடிவதில்லை. நீ, ‘என்னட்டி, ஊமை மாதிரி இருக்க?’ என்று கேட்டதும் வாயில் இருந்த ஒன்றிரண்டு வார்த்தையும் போய்விடுகிறது. உன் கம்பெனி சசிகலா அக்காவும் உன்னைப் போலவே, நீ இருக்கும் அந்தப் புது ஆலைப் பெண்களுக்கு லைன் வேலை பழக்க வருகிறாராம். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அடுத்த மாதம் எனக்குப் பதினெட்டு முடிகிறது. கான்ட்ராக்டர் முனிரத்தினம் கம்பெனி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார், அத்தானும் சரி என்றுவிட்டார். போக எனக்கும் ஆசைதான். ஆனால் அதன் பிறகு பகலெல்லாம் சொர்ணு பால்வாடியை நம்பித்தான் இருக்க வேண்டும். அத்தான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை.

நீ சேர்த்துவிட்டுப் போன பால்வாடி கூப்பிடு தூரம். டீச்சர் நல்லவர், நிறையப் பாட்டுச் சொல்லித் தருவார், முட்டையைக்கூடச் சின்னதாக நறுக்கித்தான் கொடுப்பார். ஆனால் கேட்டுக்குக் கொக்கி இல்லை. ஒரு பழைய துப்பட்டாவால் கட்டி வைப்பார்கள். எதிரிலேயே கம்பெனி பஸ் நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை டீச்சர் மீட்டிங் போயிருந்தார். ஆயா பாஞ்சாலி அக்கா பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனாராம். அது ஷிப்ட் மாறும் நேரம். பஸ்ஸில் ஏற நின்ற எல்லாருக்கும் உன் நீலச் சட்டை, உன் தொப்பி, உன் மாஸ்க். தூங்கிக்கொண்டிருந்த சொர்ணு எழுந்து, கேட்டின் முடிச்சை எப்படியோ அவிழ்த்து, அதில் ஒருத்தியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். முன்னால் இருந்தவள் பின்னால் இருப்பவளின் பிள்ளை என்று நினைத்திருக்கிறாள், பின்னால் இருந்தவள் முன்னால் இருப்பவளின் பிள்ளை என்று.

நான் கூப்பிடப் போனபோது பாய்தான் கிடந்தது. ‘ஐயோ, இங்கதானே பட்த்துகினு இருந்துச்சு! நீ இட்டுகினு போய்ட்டன்னு நெனச்சேனே!’ என்று பாஞ்சாலி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவள் பெயரைச் சொல்லிக் கத்த எனக்குக் குரல் வரவில்லை அக்கா. ரோட்டுக்கு ஓடினேன். முதலில் குனிந்து பார்த்தது லாரிகளின் அடியில்தான்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி தாண்டவராயன், ‘இது இன்னா, புது ஆபரேட்டரா? ஐடி கார்டு எங்கம்மா?’ என்று சிரித்துக்கொண்டு கேட்டபோதுதான் அவள் அங்கே யாருடைய பிள்ளையும் இல்லை என்று தெரிந்ததாம். அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினார்கள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அழவே இல்லை. இறங்கி என்னிடம், ‘சித்தி, பஸ்ஸு நெறைய அம்மா’ என்றாள்.

அத்தான் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, ‘பஞ்சாயத்துல சொல்லிக் கொக்கி போடச் சொல்லுதேன். அதுவரைக்கும் நீ வாசல்லயே உக்காந்துக்க’ என்றார். நான் வேலைக்குப் போன பிறகு யார் உட்காருவது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

நேற்று நானாகவே போய் வேறு இரண்டு பால்வாடி பார்த்தேன். நீ நம்பமாட்டாய். ஏரிக்கரைப் பக்கம் இருப்பது புதுக் கட்டடம். சுவரெல்லாம் யானையும் மயிலும் வரைந்திருக்கிறார்கள், கேட்டுக்குப் பூட்டே உண்டு. பார்த்ததும் இதுதான் என்று நினைத்தேன். ஆனால் உள்ளே சத்தமே இல்லை. பிள்ளைகள் வாயில் விரல் வைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் தண்ணீர் கேட்கக் கை தூக்கினான். ஆயா பார்த்த பார்வையில் இறக்கிவிட்டான். ஒன்பதாம் வகுப்பில் என் கையும் அப்படித்தான் இறங்கியது. அப்புறம் அது மேலே போகவே இல்லை. சொர்ணுவை அங்கே விட வேண்டாம்.

இன்னொன்று மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். பழைய ஓட்டுக் கட்டடம்தான், மழைக்கு ஒழுகும் போலிருக்கிறது. ஆனால் அங்கே கலைமதி டீச்சர் ஒன்று செய்கிறார். கூப்பிட வருகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, ‘யார் வந்துக்கீறாங்க, பார்த்துச் சொல்லு’ என்கிறார். பிள்ளை முகம் பார்த்துச் சொன்ன பிறகுதான் இறக்கிவிடுகிறார். ஒருவர் பைக்கில் வந்தார். பையன் விழித்தான். ‘ஹெல்மெட்ட கழட்டு எழிலரசா, நீ பெத்ததுக்கே உன்னத் தெரில’ என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு பயம் வந்துவிட்டது.

டீச்சரிடம் கேட்டேன். ‘இன்னா கண்ணு முணுமுணுக்கற, சத்தமா சொல்லு’ என்றார். மறுபடி கேட்டேன். நம் தெரு அந்தக் கொக்கி இல்லாத பால்வாடியின் கணக்கில் வருகிறதாம். ‘நீயே சின்னப் பொண்ணு. அவங்க அம்மா அப்பா கேட்டா, மேல பேசிப் பாக்கறேன்’ என்றார். பக்கத்து அறை பேச்சி அக்கா சொர்ணுவைக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறேன் என்கிறார். அந்த மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டுமே என்றுதான் எனக்குப் பயம். ஆனால் அங்கே கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் உண்டு. நீ அத்தானிடம் சொல். நான் சொன்னால் அவர் காதில் விழாது.

இன்னும் ஒன்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று உன் வளைகாப்புப் படத்தைச் சொர்ணுவிடம் காட்டினேன். ‘யாரு சித்தி?’ என்றாள். அடுத்த படத்தில் நீ கம்பெனி வாசலில் மாஸ்க் போட்டு நிற்கிறாய். உடனே ‘அம்மா’ என்று போனுக்கு முத்தம் கொடுத்தாள். நீ இங்கே இருந்தபோதும் அவள் விழித்திருக்கையில் நீ யூனிஃபார்மில் வருவாய், யூனிஃபார்மில் போவாய். அவள் மேல் தப்பில்லை. உன் மேலும் இல்லை.

பொங்கலுக்கு லீவு தருவார்கள் என்றாயே, எப்படியாவது வந்துவிடு. நீலச் சட்டையில் வராதே. அந்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு வா, முகத்தை மூடாதே. வந்ததும் உள்ளே ஓடி வராமல் வாசலிலேயே நில். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

அவள் சொல்லும் வரைக்கும் அழாமல் நில், அக்கா.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
இசக்கிசெல்வி