பொண்ணு இல்லாத வீட்டு முகூர்த்தம்

1964 பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்குள் வெயில் ஏறிவிட்டது. புது மிளகாய் வத்தல் வரத்து ஆரம்பம். கடைக்குள் நுழைந்தால் ஆளாளுக்குத் தும்மல், எனக்கு மட்டும் இருமல்.

இன்றும் கோட்டை விட்டோம். முதலாளி தூத்துக்குடி ஏஜெண்டிடம் ட்ரங்க் காலில் பேசினார். அங்கே விலை ஏறுகிறது, இங்கே வந்த சரக்கை மொத்தமாக எடுக்கலாம் என்று முடிவு. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்குவதற்குள் எதிர்க்கடை ஆள் எல்லா மூடையையும் பேசி முடித்துவிட்டான். இந்த சீசன் தொடங்கியதிலிருந்து இதே கதை.

"தேவசகாயம், நம்ம பேச்சு எங்கனயோ கசியுது. வேற எங்க, எக்ஸ்சேஞ்சுலதான். வேலியே பயிர மேயுது."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை டூட்டி ஆப்பரேட்டர் என் மனைவி ஞானம். அது அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருமல் மருந்து வாங்க மறந்தாச்சு.

5, புதன்

புகார் எழுதச் சொல்கிறார். மதுரையில் உள்ள மேலதிகாரிக்கு. அதையும் நானே இங்கிலீஷில் டைப் அடிக்க வேண்டுமாம்.

"பேரு போடாதலே. காலை டூட்டி ஆப்பரேட்டர்னு மட்டும் போடு."

என்ன கருணை! காலை டூட்டிக்கு இருப்பதே ஒரே ஆள்.

ஞானத்துக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆர்டர் இந்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு புகார் போனால் தீர்ந்தது. விசாரணை எல்லாம் நிரந்தரமானவர்களுக்குத்தான். இவளை வீட்டுக்குப் போ என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்.

டைப்ரைட்டர் ரிப்பன் காய்ந்துவிட்டது என்றேன். பொய். மதுரையிலிருந்து வரவேண்டும் என்றேன். அதுவும் பொய். அடுத்த வாரம் வரை தவணை கொடுத்திருக்கிறார்.

இத்தனைக்கும் முதலாளி போனில் எதையும் நேராகச் சொல்வதில்லை. ரகசிய பாஷை, அவரே உண்டாக்கியது. வத்தல் என்றால் பொண்ணு. விலை என்றால் பவுன். லோடு ஏற்றும் நாள் முகூர்த்தம். "பவுன் கூடக் கேக்காக, பொண்ண இன்னைக்கே முடிச்சிருவோம்" என்றால், விலை ஏறுது, இன்றே வாங்கு. இதில் அவருக்கு ரொம்பப் பெருமை. சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிப் பழகியவர். தன் வாயிலிருந்து ஒன்றும் வெளியே போகாது என்ற நம்பிக்கை. போனால் அது அடுத்தவர் குற்றம்.

6, வியாழன்

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"லைன் போட்டுக் கொடுத்தப்புறம் அவுக பேசுறது உனக்குக் கேக்குமா, ஞானம்?"

அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"லைன் கெடச்சுதான்னு பாப்பேன். கெடச்சதும் போர்டுல கீயத் தள்ளிட்டு அடுத்த ஆளக் கவனிப்பேன். ஊர்ச் சங்கதி அம்புட்டையும் கேக்கணும்னா எனக்குப் பத்துக் காது வேணும்."

அரிசியை உலையில் போட்டுவிட்டு: "இது உங்க முதலாளி கேக்கச் சொன்னதா, நீங்களா கேக்கீகளா?"

நான் விறகு எடுக்கப் போவது போல வெளியே நழுவிவிட்டேன். சாப்பாட்டில் குழம்புக்கு உப்பே இல்லை. அதைக் கேட்கவில்லை.

9, ஞாயிறு

கோயில். பிரசங்கம் நாவடக்கம் பற்றி. நடுவில் ஞானம் ஒரு பார்வை பார்த்தாள். பாதிரி ஐயருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களோ என்று சந்தேகம்.

திரும்பி வரும் வழியில்தான் பேசினாள். "ஆர்டர் வந்துட்டா கூரையப் பிரிச்சிட்டு ஓடு போடுவோம்னீகளே, மறந்திராதீக."

"ம்" என்றேன். முதலாளியை எதிர்த்தால் என் வேலை போகும், எதிர்க்காவிட்டால் அவள் வேலை போகும். பயமாக இருக்கிறது. வெட்கமாகவும்.

குடைக்குக் கம்பி மாட்டக் கொடுத்திருக்கிறேன். இருமல் தேவலை.

10, திங்கள்

கடையில் ஒரு கூத்து. திருத்தங்கலிலிருந்து கல்யாணத் தரகர் ஒருவர் பஸ்ஸில் வந்தவர், கடைப் படி ஏறினார். கக்கத்தில் ஜாதகக் கட்டு.

"அண்ணாச்சி, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கீகளாம்லா. தங்கமான எடம் ஒண்ணு கையில இருக்கு. பவுன் விஷயத்துல கறார் பண்ண மாட்டாக."

முதலாளிக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண்.

"எவன்யா சொன்னான் உமக்கு?"

"பக்கத்துக் காப்பிக் கடையில இருந்தேன் அண்ணாச்சி. நீங்க பேசுனது அங்கன வரைக்கும் கேட்டுச்சு."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்து, காப்பிக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியூர்க்காரர், நம்பிவிட்டார். உள்ளூர்க்காரர்கள்?

மத்தியானம் காப்பிக் கடை முத்தையாவிடம் மெல்லக் கேட்டேன். அவர் வடிகட்டியை உதறியபடி சொன்னார்: "உங்க அண்ணாச்சி ட்ரங்க் கால் பேசுனா என் பாய்லர் எரைச்சலே கேக்காது. பொண்ணே இல்லாத வீட்டுல வாரா வாரம் முகூர்த்தம்னா, அது என்ன பொண்ணுன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும்லா."

துண்டுக்குள் ரகசியம், டெலிபோனில் தண்டோரா. முழுப் பூசணிக்காயை இத்தனை நாளாகச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம். நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை. அவர் கத்துவது பழகிப்போய்விட்டது.

11, செவ்வாய்

காலையிலேயே சொல்லிவிட்டேன், அவர் போனில் கத்துவது காப்பிக் கடை வரைக்கும் கேட்கிறது என்று.

"நான் கத்துறேனா?" என்றார் முதலாளி. ரோட்டில் போன வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"நான் சொன்னா நம்ப வேண்டாம் அண்ணாச்சி. நீங்க முத்தையா கடையில போயி உள்ளாற உக்காந்து ஒரு காப்பி குடிங்க. இன்னைக்கு ட்ரங்க் கால் நான் பேசுதேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். லைன் வந்ததும் அவர் கத்துவது போலவே நானும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "பவுன் கூடக் கேக்காகளா? சரி, பொண்ண இன்னைக்கே முடிச்சிருவோம்!" ஏஜெண்டு பாவம், அங்கே விலை அசையவே இல்லை என்று கதறிக்கொண்டிருந்தார்.

முதலாளி திரும்பி வந்தார். துண்டால் முகத்தை இரண்டு தரம் துடைத்தார்.

"எதிர்க்கடைப் பய முன் பெஞ்சுல இருந்தாம்லே. பவுன்னு உன் சத்தம் கேட்டதும் முக்காத் தம்ளர் காப்பிய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சு ஓடுதான்."

"ரிப்பன் வந்துட்டு அண்ணாச்சி. அந்தப் புகார..."

"என்ன புகார்?" என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்பு, வருத்தம் எதுவும் இல்லை. எனக்கு அது போதும். பின்பக்கம் போய் மூடைகளுக்கு நடுவில் நின்று கொஞ்சம் அழுதேன். வத்தல் நெடி என்று நினைத்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

எதிர்க்கடை இன்று கூடுதல் விலைக்கு நிறைய வாங்கிவிட்டதாகப் பேச்சு. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

12, புதன்

லெந்து நோன்பு ஆரம்பம். ஈஸ்டர் வரை கறி இல்லை. கோயிலுக்குப் போய்விட்டுக் கடைக்கு.

முதலாளி ஜன்னலைச் சாத்தினார், கதவைச் சாத்தினார், போனுக்குள் குசுகுசு என்றார். தூத்துக்குடியில் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. "சத்தமா, சத்தமா" என்று ஏஜெண்டு அலறுவது எனக்கே கேட்டது. முதலாளி குரலை உயர்த்த மறுத்துவிட்டார். ஒரே பிடிவாதம்.

அப்போது லைனில் ஞானம் வந்திருக்கிறாள். சத்தம் எட்டவில்லை, சொல்ல வேண்டியதைத் தன்னிடம் சொன்னால் அங்கே சொல்லிவிடுகிறேன் என்றாளாம். முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தேன்.

"சரிம்மா" என்றார். பிறகு பொண்ணும் இல்லை, பவுனும் இல்லை. வத்தல், விலை, லோடு எல்லாவற்றையும் உள்ளபடி அவள் காதில் சொன்னார். மெதுவாக. எனக்கு ஒன்றும் விழவில்லை.

சரக்கு இன்று நமக்கு.

வீட்டில் புகார் கதையை நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று படுகிறது. சாப்பிடும்போது சும்மா கேட்டு வைத்தேன்: "அண்ணாச்சி இன்னைக்கு என்ன விலை சொன்னாக?"

"எந்த அண்ணாச்சி?" என்றாள். உப்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.