ஏழு லட்சம் பேர் பார்த்த வீடியோ

இனயம்,
14.5.2019

அன்புள்ள அப்பா,

போனில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் கத்தாருக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு மாமாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முட்டத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் மீன் குழம்பு வைத்து யூடியூபில் போட்ட வீடியோவைப் பற்றியே மாப்பிள்ளையின் அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

“ஏழு லெச்சம் பேரு பாத்திருக்காவ. ஆளுக்கு ஒரு ரூவான்னாலும் ஏழு லெச்சம் ஆச்சு. நூறு பவுன் போடுததுக்கு என்ன?” என்றார்.

நான் போனில் யூடியூப் வருமானக் கணக்கைத் திறந்து அவரிடமே நீட்டினேன்.

“ஆளுக்கு ஒரு ரூவா இல்ல மாமா. விளம்பரம் ஓடினாத்தான் காசு. இந்த வீடியோவுக்கு மொத்தமா வந்தது பன்னிரண்டாயிரம்.”

அவர் இரண்டு முறை உற்றுப் பார்த்தார். காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை லிஜின் மட்டும் வாசலில் பின்தங்கினார். “அந்த ஏழு லெச்சத்துல நூறு தடவ பாத்தது நான்தான். பவுனொண்ணும் வேண்டாம். அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நேற்று அவருடைய அப்பாவே போன் செய்தார். பவுன் பேச்சை எடுக்கவில்லை. நீங்கள் எப்போது ஊருக்கு வருவீர்கள் என்று மட்டும் கேட்டார். உங்களிடம் கேட்டுச் சொல்வதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.

லிஜின் நல்லவராகத்தான் தெரிகிறார். எனக்கு ஒன்றும் அவசரமில்லை அப்பா. ஆனால் ஆகஸ்டில் லீவு கிடைக்குமா என்று, இதைப் படித்த அன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மூத்த மகள்