அய்யாவுக்கு வாசித்த கடிதம்

வியாழக்கிழமை, தங்கச்சிமடம்.

பெற்ற அய்யாவைப் பற்றி நாட்குறிப்பில் இப்படி எழுதுவது தப்புதான், மன்னிக்கணும். என் ஆய்வுக்கு எடுத்திருக்கும் எழுத்தாளர் கதைகளில் பெண்விடுதலை பேசியவர். தன் மகளுக்கோ, படித்தது போதும், வரன் வந்திருக்கிறது என்று கடிதம் எழுதியிருக்கிறார். அந்த அநியாயம் அய்யாவுக்கு உறைக்கட்டும் என்று இன்று வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எம்புட்டுப் பெரிய மனுசன், அவரே சொல்லிப்புட்டாரு! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அக்காள்மடத்துக்காரங்கள பொண்ணு பாக்க வரச் சொல்லிர்றேன்."

"அதுக்கு வாசிக்கலய்யா..."

"நீதானத்தா வாசிச்ச, நானா வாசிச்சேன்?"

கேட்கப் போனதைக் கேட்காமலே வந்து, இங்கே எழுதுகிறேன்.

அய்யா, ஆய்வு முடியுமட்டும் என்னைப் படிக்க விடுங்க.