தட்டுக்காரியின் பதினொரு வினாடி

ஜூலை 8, செவ்வாய்

ஒரு பொய்யை இருபத்தாறு வருடமாக வளர்த்து வருகிறேன். பிள்ளையைக்கூட அவ்வளவு ஊட்டி வளர்க்கவில்லை.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: வெள்ளைக்காரன் எடுத்த படத்தில் நடித்திருக்கிறேன், கதாநாயகிக்குத் தோழி, மூன்று காட்சி, ஒரு வசனம்கூட உண்டு என்று. அந்தப் படம் இந்தப் பக்கம் ஓடவே இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். அவர் தையல்காரர். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் நிற்கிற நேரத்தில், எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டார்.

உண்மை என்னவென்றால் நான் தேநீர்த் தட்டு ஏந்தி நின்றேன். பத்தொன்பது வயது. பதினொரு வினாடி. வசனம் கிடையாது.

இன்று கல்லூரிக் காட்சிக் கூடத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தேன். என் வேலை அதுதான் — துடைப்பது, படம் போடுவது, மைக் போடுவது, எல்லோரும் போன பிறகு மின்விசிறியை அணைப்பது. கண்ணாடி மேடம் வந்தார். புதிதாக வந்த விரிவுரையாளர், சின்ன வயது. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதால் நான் வைத்த பெயர். செவ்வாய்தோறும் இனி இங்கேதான் வகுப்பாம். “பின்காலனியக் கோட்பாடு, ஓர் அறிமுகம். இலக்கியத்தையும் சினிமாவையும் எப்படிப் பார்க்கிறதுன்னு.” பென் டிரைவைக் கொடுத்தார். திறந்தேன். அதே படம்.

“பார்த்திருக்கீங்களாக்கா?”

“பேர் கேட்ட மாதிரி இருக்கு மேடம்.”

ஜூலை 15, செவ்வாய்

நாற்பது பிள்ளைகள். நான் பின்னால், படம் போடுகிற கண்ணாடி அறைக்குள், படத்தை நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு.

மேடம் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார், குறை சொல்லக் கூடாது. நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான், ஆனால் அவன் மாட்டிவிட்ட கண்ணாடி நம் மூக்கிலேயே இருக்கிறது. அவன் கண்ணால் நம்மையே பார்த்து, நாம் மட்டம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். கதை படித்தாலும் படம் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்கச் சொன்னார். யார் சொல்கிற கதை? யாரைப் பற்றி? ஓரத்தில் நிற்கிறவருக்கு ஏன் பேச்சு இல்லை? என் நாத்தனார் சொல்கிற எல்லாக் கதைக்கும் இந்த மூன்று கேள்வி பொருந்தும். சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம், “அக்கா, இங்க நிறுத்துங்க.”

நிறுத்தினேன். சுவர் அளவுக்கு நான்.

“இந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, குரல் இல்லை. மேசை, நாற்காலி, இவள் — மூன்றும் ஒன்று. ஆனால் பாருங்கள், ஒரே ஒரு நொடி நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். அதிகாரத்தை அது எதிர்பாராத இடத்திலிருந்து திரும்பிப் பார்க்கிற பார்வை. மௌனமான எதிர்ப்பு.”

நாற்பது பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். ஒரு தலைகூடப் பின்னால் திரும்பவில்லை. எதற்குத் திரும்ப வேண்டும்?

எனக்குக் குரல் இல்லையாம். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஜூலை 16, புதன்

எதிர்ப்பாவது ஒன்றாவது. நடந்ததை எழுதி வைக்கிறேன்.

தட்டு நிஜ வெள்ளி. கெண்டியில் நிஜக் கொதிநீர், ஆவி தெரிய வேண்டுமாம். துரைசானியாக நடித்த அம்மாள் நாலு வரி வசனத்தை ஆறு தடவை மறந்தாள். ஏழு தடவையும் நான் தட்டோடு முதலிலிருந்து நடந்து வந்து நிற்க வேண்டும். கூட்டத்து ஆட்களை மேய்த்தவன் நம் ஆள்தான். “நாற்காலி நகருதா? கண்ணைச் சிமிட்டுதா? நீயும் அப்படியே நில்லு” என்றான். ஏழாவது தடவை கை மரத்துப் போய்விட்டது. இன்னும் எவ்வளவு நேரம்யா என்று நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மாள் அந்தத் தடவைதான் வசனத்தைச் சரியாகச் சொல்லித் தொலைத்தாள். அதையே வைத்துக்கொண்டார்கள்.

இதுதான் அதிகாரத்தைத் திரும்பிப் பார்த்த பார்வை.

ஜூலை 22, செவ்வாய்

இன்று சிரிப்பு வரவில்லை.

நிறத்தைப் பற்றிப் பாடம். நம்மை ஆண்டவர்களின் படங்களில் நம் ஆட்களுக்கு இருக்கிற நிறம் போதாது, அவர்கள் மனதில் இருக்கிற நிறத்துக்கு நம்மைக் கொண்டுவருவார்கள் என்றார் மேடம். “இந்தப் பெண்ணின் கழுத்தையும் கையையும் பாருங்கள். மை பூசியிருக்கலாம். நிரூபிக்க வழியில்லை.”

பூசினார்கள். படப்பிடிப்புக்குப் போன மூன்று நாளும். ஒப்பனைக்காரர் என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, பத்தாது என்றார். எதற்குப் பத்தாது என்று கேட்கவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு வாரம் போகவே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொய்யில்கூட இதைச் சேர்க்கவில்லை.

பார்க்காத மையை எப்படியோ கண்டுபிடித்துவிட்ட இந்தப் பொண்ணுக்கு, பத்தடி பின்னால உட்கார்ந்திருக்கிறவளைத் தெரியல. அதான் எரியுது.

வகுப்பு நடக்கும்போதே கதவைத் திறந்து தலையை நீட்டினேன். “மேடம், அந்தப் பொண்ணு இருக்கால்ல...”

“அக்கா, சவுண்ட் கொஞ்சம் கம்மி பண்ணுங்க.”

ஜூலை 23, புதன்

சவுண்டைக் கம்மி பண்ணணுமாம்.

ஜூலை 29, செவ்வாய்

ஆகஸ்ட் 14 அன்று கூடத்தில் பொது உரை. பேசுவது கண்ணாடி மேடம். தலைப்பு: ‘குரலற்றவளின் பார்வை’. சுவரொட்டி அடித்து வந்துவிட்டது. நடுவில் பெரிதாக என் முகம். ஒட்டுகிற வேலையும் எனக்குத்தான்.

பன்னிரண்டு இடத்தில் ஒட்டினேன். என் மூக்கில் நானே பசை தடவினேன். வாசல் காவலாளி சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“யாருக்கா இது, உங்க ஜாடையா இருக்கு?”

“அழகா இருக்கிறவங்க எல்லாம் என் ஜாடைதான்.”

“அப்ப இது வேற யாரோ.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த முகம் என்னுடையதாகும், ஆனால் தோழியும் மூன்று காட்சியும் வசனமும் போய்விடும். தையல் கடையில் அந்தப் பொய்யின் மேல்தான் என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார். எதை விடுவது?

ஆகஸ்ட் 4, திங்கள்

தூக்கம் சரியில்லை. நாற்காலிகளைத் திட்டிக்கொண்டே துடைத்தேன். அவை அப்படியே நின்றன, கண்ணைச் சிமிட்டவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவரிடம் சொல்லிவிட்டேன். சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார், வாயில் நூல். சுவரொட்டியை முன்னால் விரித்தேன். தோழி இல்லை, காட்சி இல்லை, வசனம் இல்லை, தட்டுதான் என்றேன்.

நூலைக் கடித்து அறுத்தார்.

“கடைக்கு வர்ற எத்தனை பேர் கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?”

“தெரியும்.”

“நேத்துகூட ஒருத்தர் கிட்ட சொன்னேன். கழுத்தளவு எடுக்கும்போது.”

சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். இந்த ஊமைச் சண்டை எனக்குப் பழக்கமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்: “தட்டு ரொம்பக் கனமா?”

படம் எடுத்து முப்பத்தொரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. “கனம்தான்” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேடத்தின் அறைக்குப் போனேன். “அந்தத் தட்டுக்காரி நான்தான் மேடம்.”

சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார்; தினமும் விளையாடுகிறவளை யார் நம்புவார்கள். நான் சிரிக்கவில்லை. சுவரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மையைப் பற்றிச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். காதுக்குப் பின்னால் ஒரு வாரம் என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“அப்போ அந்தப் பார்வை?”

“கை வலிச்சுது மேடம். ஏழாவது தடவை.”

முகம் சுருங்கிவிட்டது. நாற்பது பக்கக் கட்டுரையாம், அந்த ஒரு நொடியின் மேல் கட்டியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நடித்தவர் என்ன நினைத்தார் என்பது முக்கியமில்லை அக்கா, பார்க்கிறவருக்கு என்ன தெரிகிறது என்பதுதான் கோட்பாடு என்றார்.

அப்போதுதான் எனக்குக் கோபம் ஏறியது. “நான் என்ன நினைச்சேன்னு அந்த டைரக்டரும் கேக்கல, நீங்களும் கேக்க மாட்டேங்கிறீங்க. அவன் என்னைத் தட்டுக்காக நிறுத்தினான். நீங்க கட்டுரைக்காக நிறுத்துறீங்க. நிறுத்துற பொத்தானை அமுக்குறதும் நானே. இதுக்கு உங்க புத்தகத்துல பேரு இருக்கா மேடம்?”

நானே கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வேலை போகும் என்று நினைத்தேன். பேசியதற்கு வருத்தப்படவில்லை, குரலை உயர்த்தியதற்குக் கொஞ்சம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேடம் கண்ணாடி அறைக்கே வந்தார். கண் வீங்கியிருந்தது. “பேரு இருக்குக்கா. நல்ல பேரு இல்ல” என்றார். கட்டுரையில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டாராம். “கடைசிப் பத்து நிமிஷம் நீங்க பேசுங்க. கை வலின்னே சொல்லுங்க. அது எதிர்ப்பா இல்லையான்னு கேக்கிறவங்க முடிவு பண்ணட்டும்.”

“சம்பளம் உண்டா?”

“கிடையாது.”

“வெள்ளைக்காரன் கொடுத்தான் மேடம்.”

இப்போதுதான் மேடம் ஒழுங்காகச் சிரித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கூடம் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில், தானே தைத்த புதுச்சட்டையில். கடையில் கழுத்தளவு கொடுத்தவர்களில் ஆறு பேரைக் கூட்டி வந்திருந்தார். “தோழி இல்ல, தட்டு. ஆனா வெள்ளித் தட்டு” என்று அவர்களிடம் சொல்வது காதில் விழுந்தது.

மேடம் சட்டையில் குத்துகிற மைக்கில் பேசி முடித்து என்னை அழைத்தார். எனக்கு மேடை நடுவில் நிற்கிற மைக்.

எல்லாவற்றையும் சொன்னேன். கெண்டி, ஏழு தடவை, மை, காது, இருபத்தாறு வருடப் பொய். யாரும் இருமக்கூட இல்லை. முடித்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

கீழே இறங்கி, எப்படி இருந்தது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“வாய் நல்லா அசைஞ்சுது” என்றார் அவர்.

முதல் இரண்டு வரிசைக்கு மட்டும் கேட்டதாம். மற்றவர்கள், தலைப்பு ‘குரலற்றவளின் பார்வை’ என்பதால் நான் வேண்டுமென்றேதான் சத்தமில்லாமல் பேசுகிறேன் என்று நினைத்து மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாணவி அதைப் பற்றி மூன்று பக்கம் குறிப்பு எடுத்திருக்கிறாள்.

நிற்கிற மைக்குக்குத் தனி சுவிட்ச். அது கண்ணாடி அறையில் இருக்கிறது. அதைப் போடுவது என் வேலை. அந்த நேரத்தில் நான் மேடையில் இருந்தேன்.

எல்லோரும் போன பிறகு மின்விசிறியை அணைத்துவிட்டு, கூடத்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: மைக் — பழுது இல்லை.