மெழுகைத் திருப்பி அனுப்புகிறேன்

சேசு மரி சூசை துணை

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
12 அக்டோபர் 1934

சிங்கப்பூரில் பல் வைத்தியம் படிக்கும் தம்பி மாரிஸுக்கு அக்கா கெர்ட்ரூட் எழுதுவது. அம்மாவின் கடைவாய்ப் பல்லைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

உன் பார்சல் வந்தது. தின்பண்டம் என்று நினைத்து அம்மா ஆசையாகப் பிரித்தாள். உள்ளே மெழுகுக் கட்டி. வகுப்பில் காட்ட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மேல்தாடைப் பல் செதுக்கி அனுப்பு, யாருக்கும் தெரியாது என்று ஒரு துண்டுச் சீட்டு வேறு. நல்ல வேளை, அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

வெட்கமாக இல்லையா உனக்கு? கல்லூரியில் சேரும்போது, கை எப்படி என்று பார்க்க, துணி துவைக்கும் சவுக்காரத்தில் பல் செதுக்கிக் கொண்டுவரச் சொன்னார்கள். நீ கட்டி கட்டியாக உடைத்துவிட்டு, கிறிஸ்மஸ் குடிலுக்குச் சுரூபம் செதுக்குகிறவள்தானே, இந்த ஒரு தடவை மட்டும் என்று என் காலைப் பிடித்தாய். நான் இரண்டு செய்தேன். ஒன்று உன்னோடு போனது. மற்றதை அப்பா கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு, மகன் செய்த பல் என்று ரயில்வே கோட்டர்ஸ் முழுக்கக் காட்டுகிறார். வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பது நான். நர்ஸ் வேலைக்குப் படிக்கிறேன் என்றபோது, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று சொன்னவரும் இதே அப்பாதான். வயிறு எரிகிறது எனக்கு.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அம்மாவுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. கிராம்பைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பிலோமினா சித்தி எவ்வளவோ கெஞ்சினாள். தம்பி இன்னும் படித்து முடிக்கவில்லை என்று நானும் சொன்னேன். அம்மா அந்தச் சவுக்காரப் பல்லைக் காட்டிச் சொன்னாள்: "இப்புடிச் செய்யிற கைக்கு இன்னும் என்ன படிப்பு? கிறிஸ்மஸுக்கு வருவான், அவனே புடுங்கட்டும். வேற எவன் கையும் என் வாய்க்குள்ள வரக்கூடாது."

கேட்டாயா? அவள் வலியோடு காத்திருப்பது உன் கைக்கா, என் கைக்கா?

இன்றைக்கே அம்மாவுக்கு எழுது. 'அந்தப் பல் நான் செய்தது இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று எழுது. நீ சொன்னால்தான் கேட்பாள். ஒரு எழுத்தும் மாற்றாமல் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

மெழுகைத் தொடவில்லை, அப்படியே அனுப்புகிறேன். என் சின்னக் கத்தியும் அதோடு வருகிறது. செதுக்கும்போது மோதிர விரலை ஊன்றிக்கொள். கத்தியை அழுத்தாதே, மெழுகைத் திருப்பு. உடைந்தால் உருக்கி மறுபடி செய்.

மாதா உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். நான் இனிப் பிடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
கெர்ட்ரூட்