வெளியே ஓர் ஆள்

மார்ச் 4, செவ்வாய்
பையைக்கூட இறக்கவில்லை, மேலாளர் எதிரே நின்றார். "நேத்துலேருந்து நம்ம மெயில் ஒண்ணும் வெளிய போகலையாமே? போன் மேல போன் வருதுப்பா."
அலுவலகத்துக்குள் போகிறது. வெளியே அனுப்பினால் சர்வரிலேயே வரிசைகட்டி நிற்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு மெயில்.

மார்ச் 5
பிடிபட்டது. போன வாரக் கடைசியில் இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினார்கள். சர்வருக்குப் புது எண். அதற்கு எங்கள் பெயர் பதிவாகவில்லை. முன்பின் தெரியாதவன் என்று எல்லா இடத்திலும் கதவைச் சாத்துகிறார்கள். பெயரைப் பதியச் சொல்லி இணைப்பு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினேன் — அதுவும் வரிசையில் போய் நின்றது! பிறகுதான் போன்.

மார்ச் 6
வரிசை நகர்ந்துவிட்டது. ஆனால் போன மெயில் நேராகப் போகிறதா, ஸ்பேமில் விழுகிறதா — இங்கிருந்து தெரியாது. வெளியே ஓர் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். யார்? நாற்பத்தாறு வயதில் ஆபீசுக்கு வெளியே எனக்கு யாரைத் தெரியும்?
அக்கா.
அவள் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. சர்வர் படுத்துவிட்டது என்றேன். படுத்தது உண்மை. மத்தியானமே எழுந்துவிட்டது. 'இன்னும் தனியாவா இருக்கே' என்று ஆளாளுக்குக் கேட்பார்களே என்ற பயம். இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
'சோதனை' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். கோழை.

மார்ச் 7
பதில்: "ஸ்பேம்ல கிடந்தது." அவ்வளவுதான். எப்படி இருக்கே என்றுகூட இல்லை. நான் மட்டும் கேட்டேனா?

மார்ச் 11
தினம் ஒரு திருத்தம், தினம் ஒரு மெயில். "ஸ்பேம்." "ஸ்பேம்." இன்று: "நேரா வந்துடுச்சு."
மேலாளர் முதுகில் தட்டினார். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. இனி அவளுக்கு எழுத என்ன சாக்கு?

மார்ச் 14
எழுதவில்லை.

மார்ச் 15
அவளே கூப்பிட்டாள்.
"என்னடா, சர்வர் சரியாயிடுச்சா?"
"ஆயிடுச்சுக்கா."
"அதான் மெயிலைக் காணோம்."
போனை மறு காதுக்கு மாற்றினேன்.
"கல்யாணத்தன்னிக்கு... மத்தியானமே சரியாயிடுச்சுக்கா. நான்தான் வரல."
"தெரியும். அன்னிக்கே உன் ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டேன்."
வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.
"நாளைக்கு லீவுதானே? வா."

மார்ச் 16, ஞாயிறு
அக்கா வீட்டிலிருந்து திரும்பும் பேருந்தில் எழுதுகிறேன். கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு படத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அத்தானின் தம்பி நிற்கிறார். நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, பக்கத்தைப் புரட்டினாள்.